யாருடைய நேரம் நீள்கிறது?
மங்கா, மன்ஹ்வாக் கதைகளின் சொல்முறை பற்றிச் சில சிந்தனைகள்

சித்திரக் கதைகளை இலக்கிய விமர்சனத்துக்கு உரிய பொருளாகக் கொள்ளலாமா என்று வினவுவோர் எம்மிடையே இன்றும் உளர். அவர்கள் இரு சாரார். எழுத்தே இலக்கியம், படம் சிறுபிள்ளைகளுக்கு உரியது என்னும் பண்டித மனப்பான்மை உடையோர் ஒரு சாரார். மற்றைய சாரார் எம்முடைய முற்போக்கு நண்பர்களே. யப்பானிலிருந்து வரும் மங்காவையும் கொரியாவிலிருந்து வரும் மன்ஹ்வாவையும் சந்தைக்கென ஆக்கப்படும் நசிவுச் சரக்கு என்று கூறி அவர்கள் ஒதுக்கிவிடுகின்றனர். முதலாமவருக்கு விடை கூறுதல் எளிது. இரண்டாமவரை நோக்கியே இக்கட்டுரை எழுதப்படுகின்றது. ஏனெனில், சில ஆண்டுகளுக்கு முன்னர் நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம்.

எம் எண்ணத்தை அசைத்தவர்கள் எமது மாணவர்கள். பெரியநீலாவணை, கல்முனைக்கு வடக்கே அம்பாறை மாவட்டத்தின் எல்லையில் அமைந்த கடற்கரைக் கிராமம். தமிழரும் முஸ்லிம்களும் அருகருகே வாழும் இப்பகுதியிலே மீன்பிடிப்போர், மருதமுனையின் தறிகளில் நெசவு செய்வோர், மேற்கே வட்டைகளில் வேளாண்மை செய்வோர், மத்திய கிழக்கு நாடுகளுக்கு உழைக்கச் சென்றோர் ஆகியோரின் பிள்ளைகளே எம் வகுப்பறையில் அமர்ந்திருப்பவர்கள். பாடநூலில் இரண்டு பக்கம் வாசிக்கச் சொன்னால் சோர்ந்துபோகும் இப்பிள்ளைகள், கைத்தொலைபேசியிலே நூற்றுக்கணக்கான அத்தியாயங்களை, அதுவும் அரைகுறையாக விளங்கும் ஆங்கிலத்திலே, இரவிரவாகப் படித்து வருகின்றனர். இதில் அப்படி என்ன இருக்கிறது என்று ஒருநாள் சற்றுக் கடுமையாகவே கேட்டோம். பத்தாம் தரத்து மாணவன் ஒருவன் தயக்கத்துடன் எழுந்து கூறிய விடை எம்மைச் சிந்திக்க வைத்தது.

"சேர், பாடப் புத்தகத்தில ஒருத்தன் விழுந்தா அடுத்த வரியில எழும்பிருவான். இதில அவன் எழும்புறதுக்கு நாலு பக்கம் எடுக்கும். அது நம்மட மாதிரி இருக்கு."

விமர்சன நூல்கள் பல பக்கங்களில் கூறும் விடயத்தை அம்மாணவன் மூன்று வாக்கியங்களில் கூறிவிட்டான். கதைக்குள்ளே காலம் எவ்வாறு செலவிடப்படுகின்றது என்பதே அவன் கண்டுகொண்டது. அவன் காட்டிய வழியிலே இக்கதைகளை நாமும் படிக்கத் தொடங்கினோம். படிக்கப் படிக்க எம்முள் எழுந்த வினா இதுதான்: இக்கதைகளிலே நீட்டிக் காட்டப்படும் நேரம் யாருடைய நேரம்?

*

காலத்தை நீட்டும் இவ்வழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1947ஆம் ஆண்டிலே ஷிச்சிமா சாகாய் வகுத்த கதைக்கு ஒசாமு தெசுகா படம் வரைந்து வெளிவந்த 'புதிய புதையல் தீவு' என்னும் நூல், போரிலே தோற்று வறுமையில் வாடிய யப்பானில் பெருவரவேற்பைப் பெற்றது. ஒரு செயலைப் பல கட்டங்களாகப் பிரித்து, திரைப்படக் கருவி நகர்வது போன்று தொலைவிலிருந்தும் அண்மையிலிருந்தும் காட்டும் முறை அவரைப் பின்பற்றியோரிடம் வேரூன்றியது. ஒரு கட்டத்தில் கதவு; அடுத்ததில் அதைத் திறக்கும் கை; அதற்கடுத்ததில் உள்ளே இருப்பவரின் கண்கள். அமெரிக்கரான ஸ்கொட் மக்ளவுட் 1993ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் ஆய்வு நூலில், ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குக் கதை தாவும் விதங்களை வகைப்படுத்தி எண்ணிப் பார்த்தார். செயலிலிருந்து செயலுக்குத் தாவுவதே மேனாட்டுச் சித்திரக் கதைகளின் பெருவழக்கு என்பதும், கூரையில் விழும் மழை, வெறுமையான தெரு, அடுப்பில் கொதிக்கும் நீர் என ஒரே கணத்தின் பல கூறுகளைக் காட்டித் தரித்து நிற்பது யப்பானியக் கதைகளில் கணிசமாக உண்டு என்பதும் அவர் கண்ட உண்மைகள்.

தமிழிலே சித்திரக் கதை என்றதும் எம் தலைமுறையினருக்கு நினைவுக்கு வருவது சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸ். 1972ஆம் ஆண்டில் 'இரும்புக்கை மாயாவி'யோடு தொடங்கிய அவ்வரிசையும், 1984இல் தொடங்கிய லயன் காமிக்ஸும் ஆங்கில, ஐரோப்பியக் கதைகளைத் தமிழாக்கித் தந்தன. அவற்றிலே ஒவ்வொரு கட்டத்திலும் ஏதேனும் நிகழ்ந்தாக வேண்டும். மங்காவிலோ எதுவும் நிகழாத கட்டங்களே பல வேளைகளில் கதையின் உயிராக அமைகின்றன. இன்னொன்றும் குறிப்பிடத்தக்கது. மங்கா வலமிருந்து இடமாகப் படிக்கப்படுவது. இது பலருக்குத் தடுமாற்றம் தரும். காலையிலே குர்ஆன் மத்ரஸாவுக்குச் சென்று ஓதிவிட்டு வரும் எம் பிள்ளைகளுக்கோ இதிலே புதுமை எதுவும் இல்லை.

ஆகவே உருவத்தைப் பொறுத்தவரை இது வறிய கலை அன்று. உழைக்கும் கையை, களைத்த முகத்தை, காத்திருக்கும் தாயை அவசரமின்றிக் காட்டவல்ல கலை. அவ்வாறாயின் இதன் பெரும்பகுதி ஏன் ஒரு குத்துக்கும் மறு குத்துக்கும் இடைப்பட்ட கணத்தை நீட்டுவதிலேயே செலவழிகின்றது? இவ்வினாவுக்கு விடை காண, கலையை விட்டு அது விற்கப்படும் இடத்துக்கு நாம் செல்ல வேண்டும்.

*

1968ஆம் ஆண்டிலே தோன்றிய 'ஷோனென் ஜம்ப்' என்னும் வாரச் சஞ்சிகை, 1990களின் நடுப்பகுதியில் வாரமொன்றுக்கு 65 இலட்சம் பிரதிகளுக்கு மேல் விற்பனையாயிற்று. நட்பு, முயற்சி, வெற்றி என்பன அதன் மூன்று மந்திரங்கள். ஒவ்வோர் இதழிலும் ஓர் அஞ்சலட்டை இணைக்கப்பட்டிருக்கும். தமக்குப் பிடித்த தொடர்களை வாசகர்கள் அதிலே குறித்து அனுப்புவர். வரிசையில் தொடர்ந்து பின்தங்கும் கதை சில மாதங்களிலேயே முடித்துவைக்கப்படும். ஆதலால் வாரந்தோறும் இருபது பக்க அளவில் வரைந்து தரும் ஓவியர், ஒவ்வொரு வாரத்தின் கடைசிப் பக்கத்தையும் ஓர் ஆபத்தின் விளிம்பிலே நிறுத்தியாக வேண்டும். ஒருவனை வென்றால் அவனிலும் வலியவன் வருவான். அவனையும் வென்றால் முன்னையவன் நண்பனாகி விடுவான். இன்னும் வலியவன் தோன்றுவான். அகிரா தொரியாமாவின் 'டிராகன் போல்' 1984 முதல் 1995 வரை இவ்வாறு நீண்டது. போட்டிக்குமேல் போட்டி வைத்துக் கதை நடத்தும் இவ்வழக்கத்தை ஆசிரியரின் கற்பனை வறுமை என்று மட்டும் கூறுதல் பொருந்தாது. வாரந்தோறும் தேர்தலை எதிர்கொள்ளும் கதை வேறு எவ்வாறு அமைதல் கூடும்?

இதனை அந்நியரின் நோய் என்று கூறும் உரிமையும் எமக்கில்லை. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வாசகரைக் காக்கவைத்தது. 'தொடரும்' என்ற ஒரு சொல்லுக்காகவே வாழ்ந்த வார இதழ்கள் எம்மிடம் எத்தனை! தமிழ் நாவலைச் சமுதாயத்தோடும் அச்சுத் தொழிலோடும் பொருத்திப் பார்க்க வேண்டும் என்று பேராசிரியர் கைலாசபதி 1968இல் 'தமிழ் நாவல் இலக்கிய'த்தில் எடுத்துக்காட்டினார். அந்த நோக்கு மங்காவுக்கும் பொருந்தும். அதற்கும் நெடுங்காலம் முந்தியது ஆயிரத்தொரு இரவுகளின் கதை. ஆங்கே ஒரு பெண் கதையை இடையிலே நிறுத்தியது தன் உயிரைக் காக்க. இங்கே கதை இடையிலே நிற்பது அடுத்த பிரதி விற்பதற்காக. உத்தி ஒன்றேயாயினும் நோக்கம் வேறு.

கொரியாவில் இந்த வாணிகம் இன்னும் நுட்பம் அடைந்துள்ளது. அங்கே அச்சுச் சஞ்சிகையின் இடத்தைக் கைத்தொலைபேசி பிடித்துக்கொண்டது. வெப்டூன் எனப்படும் கதையிலே பக்கம் என்ற ஒன்று இல்லை. மேலிருந்து கீழாகத் திரை ஓடிக்கொண்டே இருக்கும். இரு கட்டங்களுக்கு இடையிலே விடப்படும் வெற்றிடமே காலம்; விரல் எவ்வளவு வேகமாக நகர்கின்றதோ அவ்வளவு வேகமாக அது கடக்கும். ஒருவன் மாடியிலிருந்து விழுவதை விரல் நோக நீட்டவும் கூடும். இப்புதிய வசதியின்மீது நிறுவனங்கள் விலையையும் எழுதின. காக்காவோ நிறுவனம் 2014ஆம் ஆண்டில் 'காத்திருந்தால் இலவசம்' என்னும் முறையைப் புகுத்தியது. குறித்த நேரம் பொறுத்திருப்பவர் அடுத்த அத்தியாயத்தைக் காசின்றிப் படிக்கலாம். பொறுக்கவியலாதவர் பணம் கொடுக்க வேண்டும். அங்கே விற்கப்படுவது கதையன்று, வாசகனின் பொறுமையின்மை. கதையின் முடிவிலே அந்தப் பொறுமையின்மையைத் தூண்டிவிடுவது, ஆகவே, ஓவியரின் தொழிலாகிவிடுகின்றது.

*

எம் மாணவர் பலருக்கும் மனப்பாடமான 'சோலோ லெவலிங்' இம்முறையின் முழுமையான விளைபொருள். சுகொங் என்பவரின் தொடர்கதையைத் தழுவி, சாங் சொங்-ராக் தலைமையில் வரையப்பட்டு 2018இல் தொடங்கிய மன்ஹ்வா அது. 2024இல் அதன் அசைபடம் வெளிவந்தது; தமிழ்க் குரலிலும் அதனைப் பார்க்கலாம். அக்கதையுலகில் அரக்கரை வேட்டையாடுவோர் தரம் பிரிக்கப்பட்டுள்ளனர். ஒருவனுடைய ஆற்றல் வெளிப்படும் நாளிலேயே அவன் தரம் குறிக்கப்பட்டுவிடும். பின்னர் அது மாறுவது அரிதினும் அரிது. கடைசித் தரத்தைச் சேர்ந்த இளைஞன் சொங் ஜின்-ஊ, நோயுற்றுக் கிடக்கும் தாயின் வைத்தியச் செலவுக்காக உயிரைப் பணயம் வைக்கின்றான். சாவின் விளிம்பிலே அவனுக்கு மட்டும் ஒரு வரம் கிட்டுகின்றது. அவன் கண்முன்னே எண்கள் தோன்றும். பயிற்சி செய்தால் எண்கள் உயரும். எண்கள் உயர்ந்தால் அவன் உயர்வான்.

இதனை வெறும் பகற்கனவு என்று தள்ளிவிடல் எளிது. ஆனால் எமது பிள்ளைகள் வாழும் உலகை எண்ணிப் பாருங்கள். பத்து வயதிலே தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சை, வெட்டுப்புள்ளி. பின்னர் சாதாரண தரம். அதன்பின் உயர்தரம், இசட் புள்ளி, மாவட்ட நிலை. ஒரு தசம எண், ஒரு குடும்பத்தின் விதியை எழுதிவிடும். தந்தை தோணியில், தாய் வெளிநாட்டில், பிள்ளை மாலை முழுவதும் தனியார் வகுப்பில். இத்தகைய பிள்ளைக்குத் தலைக்குமேல் எண் மிதக்கும் கதாநாயகன் அந்நியன் அல்லன். அக்கதை பொய் கூறவில்லை. பாதி உண்மையைக் கூறுகின்றது. தரம் பிரிக்கும் அமைப்பின் கொடுமையை அது நன்கு காட்டுகின்றது. ஆனால் அந்த அமைப்பு எவரால், எவருக்காக உண்டாக்கப்பட்டது என்று கேட்பதில்லை. கடைசித் தரத்தில் எஞ்சியிருப்போர் என்ன ஆயினர் என்பதும் கதைக்கு வேண்டாததாகிவிடுகின்றது. தொடக்கத்தில் அவனுடைய அச்சத்துக்கும் வலிக்கும் தாராளமாக நேரம் ஒதுக்கிய கதை, அவன் உயர உயர மற்றையோரின் நேரத்தைச் சுருக்கிக்கொண்டே போகின்றது. முடிவில் அவர்கள் அவனைக் கண்டு வியந்து நிற்கும் முகங்கள் மட்டுமே.

சுருக்கப்பட்ட நேரம் இன்னொன்றும் உண்டு. அது வரைந்தவரின் நேரம். வாரந்தோறும் பல பத்துக் கட்டங்களை வண்ணத்தோடு வரைந்து முடிக்க வேண்டிய தொழில் அது. சாங் சொங்-ராக் 2022ஆம் ஆண்டு யூலை மாதம் 37 வயதிலே காலமானார். நெடுநாள் நோயொன்றின் விளைவு என்று அறிவிக்கப்பட்டது. ஆயினும் அவருடைய மறைவை ஒட்டி வெப்டூன் ஓவியரின் வேலைச்சுமை பற்றிய பேச்சு கொரியாவில் எழுந்தது. நாம் விரலால் ஒரு நொடியில் தள்ளிவிடும் கட்டத்தின் பின்னே ஒருவரின் இரவு இருக்கின்றது. தறியிலே ஒரு சாண் துணி நெய்ய எவ்வளவு நேரம் செல்லும் என்பதை அறிந்த மருதமுனைப் பிள்ளைகளுக்கு இதனை விளக்குவது கடினமன்று.

*

இதனோடு நிறுத்தினால் எம் நண்பர்களின் தீர்ப்பையே சுற்றிவளைத்துக் கூறியவர்கள் ஆவோம். அதே உருவம், அதே சந்தையில், வேறு விதமாகவும் பயன்பட்டிருக்கின்றது.

பாட்டாளி வர்க்க ஓவியர் ஒருவரின் மகனான சன்பெய் ஷிராத்தோ, 1964 முதல் 1971 வரை 'காரோ' என்னும் சஞ்சிகையில் 'கமுய்' என்னும் நெடுங்கதையை வரைந்தார். அக்கதைக்கு இடம் தருவதற்காகவே அச்சஞ்சிகை தொடங்கப்பட்டது என்பர். தீண்டத்தகாதோராக ஒதுக்கப்பட்ட குலத்தில் பிறந்தவன் ஒருவன். கீழ்நிலை உழவன் ஒருவன். படைவீரர் குலத்தவன் ஒருவன். இம்மூவரின் வாழ்வினூடே நிலப்பிரபுத்துவ யப்பானின் சாதிக் கட்டுமானத்தையும் உழவர் கிளர்ச்சிகளையும் அவர் விரித்துக் காட்டினார். வாட்போர் அக்கதையிலும் உண்டு. ஆனால் பருத்தி பயிரிடுவதற்கும் பட்டுப்புழு வளர்ப்பதற்கும் பக்கங்கள் ஒதுக்கப்பட்டன. உழவனின் நேரம் அங்கே நீண்டது. அக்காலத்துப் பல்கலைக்கழக மாணவர் அதனை விரும்பிப் படித்ததில் வியப்பில்லை.

கெய்ஜி நாகசாவாவின் 'வெறுங்கால் கென்' இன்னும் சிறந்த சான்று. 1945 ஓகஸ்ட் 6ஆம் நாள் ஹிரோஷிமாவில் குண்டு வீழ்ந்தபோது ஆறு வயதுச் சிறுவனாயிருந்து, தந்தையையும் உடன்பிறந்தோரையும் இழந்தவர் அவர். அக்கதை 1973இல் தொடங்கியது வேறெங்கும் அன்று; நாம் மேலே கூறிய அதே 'ஷோனென் ஜம்ப்' சஞ்சிகையிலேதான். போரை எதிர்த்ததற்காகத் துரோகி என்று தூற்றப்படும் தந்தை. அயலில் வாழும் கொரியர்மீது காட்டப்படும் இழிவு. குண்டின் பின்னர் அரிசிக்கும் தண்ணீருக்கும் அலையும் நாட்கள். குண்டு வீழ்வது ஒரு கணம். அதன் பின்னான வாழ்வு பத்துப் பாகங்கள். வணிகச் சஞ்சிகையில் நின்றுபோன அக்கதை, பின்னர் முற்போக்கு இதழ்களிலும், யப்பானிய ஆசிரியர் சங்கத்தின் கல்வி இதழிலும் தொடர்ந்து நிறைவெய்தியது. ஆசிரியராகிய நாம் இதனை மறத்தலாகாது. 2012இல் மட்சுவே நகரக் கல்விச் சபை பாடசாலை நூலகங்களில் அதனைத் தடையின்றிப் படிக்க விடாது அலுமாரிக்குள் வைக்கப் பணித்தது. எதிர்ப்பு எழவே 2013இல் அவ்வாணை கைவிடப்பட்டது. 2023இல் ஹிரோஷிமா நகரக் கல்விச் சபையே தன் சமாதானக் கல்விப் பாடங்களிலிருந்து அதனை நீக்கிற்று. வெறும் பொழுதுபோக்குக்கு எவரும் இவ்வாறு அஞ்சுவதில்லை.

கொரியாவிலும் இதற்கு நிகர் உண்டு. சோ கியூ-சொக் வரைந்த 'குத்தூசி' என்று பொருள்படும் வெப்டூன், 2013 முதல் நேவர் என்னும் பெருநிறுவனத்தின் தளத்திலேயே வெளிவந்தது. அந்நிய முதலாளிகளுக்குச் சொந்தமான பேரங்காடி ஒன்றிலே ஊழியரை வெளியேற்றப் பணிக்கப்பட்ட இடைநிலை அதிகாரி ஒருவர் அதற்கு மறுத்து, தொழிற்சங்கத்திற் சேர்வதே கதை. அங்கே திடீர் வரம் எவருக்கும் கிட்டுவதில்லை. அஞ்சி நிற்கும் ஒரு தொழிலாளியைச் சங்கத்தில் சேர்க்க எத்தனை பேச்சு, எத்தனை தோல்வி, எத்தனை சிறு பிணக்குகள் என்பதே அங்கு நீட்டிக் காட்டப்படுகின்றது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். 'நாளைய ஜோ' என்னும் குத்துச்சண்டைக் கதையில் ரிக்கிஷி என்ற பாத்திரம் இறந்தபோது, 1970 மார்ச்சில் வாசகர் நூற்றுக்கணக்கில் திரண்டு அப்பாத்திரத்துக்கு இறுதிச் சடங்கு நடத்தினர். அதே மாத முடிவில் விமானமொன்றைக் கடத்திய செம்படைக் குழுவினர் தம்மை நாளைய ஜோ என்று அழைத்துக்கொண்டனர். சேரியிலிருந்து எழுந்த ஒரு தனி வீரனின் வீறு, மக்களிடமிருந்து பிரிந்த சிலரின் சாகசத்துக்குப் பெயராகிவிட்டது. ஏழையைக் கதாநாயகனாக்கினால் மட்டும் கதை முற்போக்காகிவிடாது. அவனுடைய காலத்தில் மற்றவரின் காலத்துக்கு இடமுண்டா என்பதே உரைகல்.

*

இந்த உரைகல்லை எம் மண்ணிலும் வைத்துப் பார்ப்போம். பெரியநீலாவணை, ஈழத்துத் தமிழுக்கு நீலாவணன் என்னும் கவிஞரைத் தந்த ஊர். ஆசிரியராகப் பணியாற்றிய அவர் 1975இல் மறைந்தார். அவருடைய 'வேளாண்மை' என்னும் காவியம் 1982இல் நூலாயிற்று. இப்பகுதி உழவரின் வாழ்வையும் வழக்கையும் பேச்சையும் அவசரமின்றிப் பாடிய காவியம் அது. வைகாசி மாதத்திலே கண்ணகி கோயில்களில் வழக்குரைக் காவியம் நாட்கணக்கில் படிக்கப்படுவதும், ஒருகாலத்தில் முஸ்லிம் இல்லங்களிலே கிஸ்ஸாக்களும் படைப்போர்களும் கூட்டமாகப் பாடிக் கேட்கப்பட்டதும் எம் மரபு. நீட்டிச் சொல்லுதலும் இருந்து கேட்டலும் எமக்குப் புதியவை அல்ல. ஆனால் அவற்றை இன்றைய பிள்ளையின் கைக்கு எட்டும் உருவத்திலே நாம் தரவில்லை. 2019இல் வன்னிப் போரின் அவலத்தைச் சித்திர நாவலாக ஆக்கியவர்கள் பெஞ்சமின் டிக்ஸ், லின்ட்சி பொலொக் என்னும் இரு பிரித்தானியர். நூல் வெளிவந்ததும் ஆங்கிலத்திலே. அவர்கள் செய்த பணி போற்றத்தக்கது. எமது நாணத்துக்கு அதுவே காரணமுமாகும்.

என்ன செய்தல் வேண்டும்? 'வெறுங்கால் கென்' கதையைப் பிறமொழிகளுக்குக் கொண்டு சென்றோர் பெரும் பதிப்பாளர் அல்லர். 1976இல் தோக்கியோவில் தன்னார்வமாகக் கூடிய இளைஞர்கள். அத்தகைய பணி எம் பல்கலைக்கழக மாணவரால் இயலாததன்று. ஆசிரியர் செய்யக்கூடியது இன்னும் எளிது. கைத்தொலைபேசியைப் பறித்து மேசைக்குள் பூட்டுவதற்குப் பதிலாக, அதிலுள்ள கதையை வகுப்பிலே விரித்து வைத்து, இந்தக் கட்டத்தில் யாருடைய நேரம் நீள்கிறது, யாருடைய நேரம் காட்டப்படவில்லை என்று கேட்கலாம்.

நாம் கேட்டுப் பார்த்தோம். பின்னர், வீட்டிலே ஒருவர் செய்யும் ஒரு மணி நேர வேலையைப் பன்னிரண்டு கட்டங்களில் வரைந்து வருமாறு பணித்தோம். பல படங்கள் கோணலும் மாணலுமாகவே இருந்தன. ஒரு மாணவி தாயின் தறியை வரைந்திருந்தாள். அறுந்த இழையொன்றைத் தேடிப் பிடித்து முடிவதற்கே நான்கு கட்டங்கள் சென்றிருந்தன. இன்னொருத்தி, கரைவலை இழுத்துவிட்டு வரும் பாட்டனாரை வரைந்திருந்தாள். ஒன்பதாம் கட்டத்தில் அவர் கடற்கரையிலே ஓரிடத்தில் நிற்கின்றார். பத்தாம் கட்டத்தில் வெறும் மணல். பதினோராம் கட்டத்திலும் அதே மணல். ஏன் இப்படி என்று கேட்டோம். 2004இற்கு முன்னர் வீடு இருந்த இடம் அதுதான் என்றும், நாள்தோறும் பாட்டனார் அவ்விடத்தில் சற்று நின்றுவிட்டே வருவார் என்றும் கூறினாள். சுனாமி நிகழ்ந்தபோது அவள் பிறந்திருக்கவில்லை. இலங்கையில் ஏனைய மாவட்டங்களைவிட அதிக உயிர்களை இழந்தது அம்பாறை என்று பாடநூல் அவளுக்கு ஒரு வரியில் கூறியிருக்கும். அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருந்த நேரத்தை, எதுவும் நிகழாத இரண்டு கட்டங்களில் அவள் எமக்குக் காட்டினாள்.

அவ்வாறு காட்ட அவளுக்குக் கற்பித்தவர் நாம் அல்லர். நாம் ஒதுக்கித் தள்ளிய அக்கதைகளே கற்பித்தன. இனி எம் கடமை, அவள் கற்ற கலையைச் சந்தை எந்த வழியில் இழுக்கின்றது என்பதை அவளுக்கு உணர்த்துவதும், அவள் வரைவதற்குத் தாளும் அச்சிடுவதற்கு ஓர் இதழும் தேடிக் கொடுப்பதுமே.